வேட்டிக்குப் பை கிடையாது

வேட்டிக்குப் பை கிடையாது. அதனால்தான் எங்கப்பாவுக்குப் பிழைப்பு இருந்தது. கறம்பக்குடிப் பக்கத்து மாட்டு யாவாரிகளும் கடலைத் தரகர்களும் இடுப்பில் கட்டுகிற அகலமான தோல்வாரும், அதில் வைத்துத் தைத்த காசுப்பையும் அப்பா செய்தார்.

தோலை விரித்தால் முதலில் முதுகுப் பக்கத்தைத்தான் பார்ப்பார். "முதுகு இழுத்தாலும் நீளாதுடா. வயித்துப் பக்கம் தொளதொளன்னு போயிரும்" என்பார். வாரை மாட்டுத்தோலின் முதுகில் நீளவாக்கில் வெட்டணும். வயிற்றுத்தோல் உள்மடிப்புக்கு. பைக்கு வெள்ளாட்டுத்தோல். செம்மறித்தோல் மெத்துன்னு இருக்கும். நாளானால் மேலும் கீழும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். எருமைத்தோல் செருப்படிக்கும் கமலைச்சாலுக்கும் சரி, பைக்குத் தடிப்பு. தார்க்குச்சி குத்தின ஓட்டை, சூடு போட்ட தழும்பு எல்லாவற்றையும் ஒதுக்குவார். மாட்டை எப்படி வைத்திருந்தார்கள் என்று தோல் சொல்லிவிடும்.

ஆவாரம்பட்டையில் பதப்படுத்தியதா, குரோமா என்று ஓரத்தை வெட்டிப் பார்ப்பார். குரோம் என்றால் வெட்டுவாயில் நீலம் பாரித்திருக்கும். தண்ணீருக்குத் தாங்கும். ஆனால் நனைத்துக் கட்டையில் இழுத்துக் காயவைத்தால் உருவம் நிற்காது. ஆவாரந்தோலில் நிற்கும். கொக்கி மட்டும் பித்தளையாக இருக்கணும். வேர்வையில் இரும்பு பட்டால் ஆவாரந்தோல் கறுத்துப்போகும். கல்லூரியில் வேதியியல் படிக்கும்போதுதான் தெரிந்தது: பட்டையின் டானினும் இரும்பும் சேர்ந்த கறுப்பு அது. பழைய காலத்து எழுதுமையும் அதேதான். எனக்கு அது பாடம். அப்பாவுக்குக் கைப்பழக்கம்.

எனக்குப் பத்து வயசிருக்கும். ஒரு யாவாரி வீட்டுக்கு வார் கொடுக்கப் போனோம். வாசலுக்கு வெளியே நின்றோம். அவர் வாரை வாங்கித் தடவிப் பார்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கூலியை அப்பா ஏந்தின கையில் படாமல் மேலிருந்து போட்டார். ஒரு காசு உருண்டு ஓடியது. அப்பா குனிந்து பொறுக்கினார்.

வழியில் கேட்டேன்: "நம்ம கை பட்டதத்தானேப்பா இடுப்புல கட்டிக்கிட்டாரு?"

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "நல்ல முதுகுத்தோலுடா அது. பத்து வருசம் கெடக்கும்" என்றார். அதற்குப் பிறகு என்னை உளியைத் தொடவிடவில்லை. "படி" என்பதோடு சரி.

ஸ்காட்லாந்திலும் ஆண்கள் கட்டுகிற கில்ட்டுக்குப் பை கிடையாது. முன்பக்கம் தோல்பை தொங்கவிடுகிறார்கள். ஸ்போரன் என்று பெயர். அவர்கள் மொழியில் பணப்பை என்றே அர்த்தம். ஆட்டுமயிரா, குதிரைமயிரா, கடல்நாய்த்தோலா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் கடல்நாய்த்தோல் வணிகத்தைத் தடுத்தபோது, எதைப் போட்டுச் செய்வது என்ற கேள்வி அங்கேயும் வந்தது. கல்யாணத்துக்குக்கூடக் கட்டிக்கொண்டு போகிற பை அது. அப்பா செய்த பையைக் கட்டியவனுக்கு மதிப்பு இருந்தது. செய்தவருக்கு நாத்தம் பிடித்தவன் என்ற பேர்தான்.

இப்போது சட்டைப்பையில் செல்போன். அதிலேயே காசும் போகிறது. வார் கேட்டு யாரும் வருவதில்லை. கைவேலைத் தோலின் அருமையைப் புதிதாகப் பேசுகிறவர்கள் மட்டும் வருகிறார்கள். "பரம்பரைத் தொழிலை ஏன் விட்டீங்க? காப்பாத்தணும்" என்கிறார்கள். எதை? அப்பாவின் அறிவையா, வாசலுக்கு வெளியே நின்றதையா? பரம்பரை என்று அவர்கள் சொல்வது எங்கள் தெருவை மட்டும்தான். அவர்கள் பிள்ளையை யாரும் தோல் ஊறவைக்கக் கூப்பிடுவதில்லை.

அறிவு எங்களுடையது. அதனால் எழுதி வைக்கிறேன். யார் வேண்டுமானாலும் படித்துச் செய்யட்டும், எங்கள் பிள்ளைகளும் விரும்பினால் செய்யட்டும். பிறந்ததற்காக யாரும் செய்ய வேண்டாம்.

அப்பாவின் கட்டை பரணில் கிடக்கிறது. எடுத்துத் துடைத்து வைத்தேன். புங்கெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.