வண்டி வந்துவிட்டது, மனை எங்கே?

பில்லிங்ஸ், மொன்டானா

அன்புள்ள திருச்சி, ஸ்ரீரங்கம் வாசகர்களுக்கு,

அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த ஆர்.வி. வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் உடன் இருக்கிறார். பார்க்க வந்தது எல்லோஸ்டோன் பூங்காவை. எழுதத் தோன்றுவதோ இராத் தங்கும் கேம்ப்கிரவுண்டுகளைப் பற்றி.

நமக்கென்று ஒதுக்கிய மனையில் வண்டியை நிறுத்தினால் பக்கத்திலேயே குடிநீர்க் குழாய், மின்பெட்டி, சாக்கடை வாய். கிளம்புமுன் கழிவுத் தொட்டிகளைக் காலிசெய்வது என் பொறுப்பு. முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகுதான் குளித்த தண்ணீர். பின்னது குழாயை அலசிவிட்டுப் போகும். இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது. எல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கூடாரம் போடவே அனுமதி இல்லை. கிரிஸ்லி கரடிகள் உலவும் இடம். வாசனையுள்ள எதையும் வெளியே வைக்கக் கூடாது. அம்மாவின் புளிக்காய்ச்சல் டப்பாவுக்கும் விலக்கில்லை.

1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகும் கார்கள் இந்த பில்லிங்ஸ் வழியாகத்தான் சாரிசாரியாகச் சென்றன. அதைக் கவனித்த டேவ் டிரம் என்பவர் ஆற்றங்கரையில் ஒரு முகாம் திறந்தார். ஓர் இரவுக்கு 1.75 டாலர். அதுவே கே.ஓ.ஏ. என்ற பெயரில் நாடெங்கும் பரவியது.

"ஏண்டா, கட்டடம் கட்டாம வெறும் மனையையா வாடகைக்கு விடுறாங்க?" என்றார் அம்மா. ஆமாம். மனைக்கு வரும் தண்ணீருக்கும் அங்கிருந்து போகும் சாக்கடைக்கும்தான் காசு.

நம் ஊருக்கு இத்தகைய வண்டி புதிதல்ல. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களும் ஏகாதசிக் கூட்டமும் வரும் டூரிஸ்ட் பஸ்களைப் பாருங்கள். டிக்கியில் கேஸ் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, கூடவே சமையல்காரர். நிழல் கண்ட இடத்தில் உலை கொதிக்கும், வடித்த கஞ்சி தெருவில் ஓடும், ஜன்னலில் வேட்டி காயும். நாம் முகம் சுளிப்போம். கஞ்சியை ஊற்ற வேறு இடம் காட்டினோமா?

2014இல் பஞ்சக்கரையில் யாத்ரி நிவாஸ் வந்தது, நல்ல காரியம். அது அறை தேடுபவருக்கு. கேரளம் 2021இல் அறிவித்த கேரவன் திட்டம் சொகுசு வண்டியில் உல்லாசம் தேடுபவருக்கு. பஸ்ஸிலேயே உறங்கித் தானே பொங்கித் தின்பவரின் தேவை இரண்டிலும் அடங்காது.

திருச்சியிலிருந்து 1689 முதல் ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதோடு நிற்கவில்லை, சத்திரமும் கட்டினார். நடந்து வந்தவனுக்குக் கூரையும் சோறும் தேவைப்பட்டன. இன்றைய யாத்திரிகர் இரண்டையும் வண்டியிலேயே கொண்டுவருகிறார். அவருக்குக் குழாய், வடிகால், கழிப்பறை, விளக்கு, சமைக்க ஒரு மேடை போதும். கொள்ளிடக் கரைப் பக்கம் மேட்டு நிலமாகப் பார்த்து அமைத்து, வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கலாம்.

மேற்பார்வைக்கும் இங்கே அமெரிக்காவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தம்பதிகள் பலர் முகாமில் இலவசமாகத் தங்கி, பதிலுக்கு அதைக் கவனித்துக்கொள்கிறார்கள். பெல் தொழிற்சாலையிலும் பொன்மலை ரயில்வே பணிமனையிலும் ஓய்வுபெற்றவர்களுக்கா நம் ஊரில் பஞ்சம்? பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள், சம்பளமே கேட்கமாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்