பெயர் எழுதப்படாத ஓட்டக்காரிகள்

2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தபவன் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கம் வென்றார். 800 மீற்றரில் வெண்கலம். அப்போது அவருக்கு வயது 72. நான் பார்த்த செய்தித் தலைப்புகள் சிலவற்றில் ‘மூதாட்டி’ என்ற சொல் மட்டுமே இருந்தது. பெயரைத் தேடி உள்ளே போக வேண்டியிருந்தது. வாழ்நாளிற் பெரும்பகுதியைத் தலைப்பு எழுதுவதிலேயே கழித்தவன் என்ற முறையில் அது எனக்கு உறுத்தலாக இருந்தது. ஓட்டப் போட்டியொன்றில் வென்றவரின் பெயரைக் காட்டிலும் முதன்மையான செய்தி வேறு எது?

இவ்விடயத்தில் பழைய கிரேக்கர் தெளிவாக இருந்தனர். கலைப்பீடத்தில் நான் படித்த கிரேக்க வரலாற்றில் இன்றுவரை மறவாத பெயர்களுள் ஒன்று கொரோய்போஸ். கி.மு. 776 இல் ஒலிம்பியாவில் வென்றவர், எலிஸ் நாட்டவர், தொழில் சமையல் என்பர். அன்று இருந்த ஒரே போட்டி ‘ஸ்ராடியோன்’ எனப்பட்ட நேர் ஓட்டம். ஒலிம்பியாவில் அதன் தூரம் ஏறத்தாழ 192 மீற்றர். கல்லில் வெட்டிய இரு பள்ளங்களில் கால்விரல்களைப் பதித்து நின்று புறப்படுவார்கள். குறிக்கு முன்னரே பாய்ந்தவனுக்குச் சவுக்கடி. இருமடங்குத் தூரம் போய்த் திரும்பும் ஓட்டம், நெடுந்தூர ஓட்டம், கேடயம் ஏந்தி ஓடும் ஓட்டம் என்பன பின்னர் சேர்ந்தன. மணிக்கூடு இல்லாத உலகம் ஆகையால் எவ்வளவு நேரத்தில் ஓடினான் என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் அந்த நேரோட்டத்தில் வென்றவனின் பெயராலேயே அடுத்த ஒலிம்பிக் வரையான நான்கு ஆண்டுகளும் குறிக்கப்பட்டன. ஒரு சமையற்காரனின் பெயர் காலக்கணக்கின் தொடக்கமாயிற்று.

இவையெல்லாம் ஆண்களின் கதை. மணமான பெண்கள் ஒலிம்பிக் போட்டியைப் பார்ப்பதற்கே தடை இருந்தது. மீறினால் மலையிலிருந்து தள்ளிவிடுவது சட்டம். கன்னிப் பெண்களுக்கு மட்டும் ஹேரா தேவியின் பெயரால் நான்காண்டுக்கொருமுறை தனியாக ஓர் ஓட்டம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டிற் பயணம் செய்த பௌசானியாஸ் அதனை விவரித்திருக்கிறார். கூந்தலை அவிழ்த்துவிட்டு, முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் உடையுடன், வலத் தோள் தெரிய ஓடினார்கள். ஆண்களின் அதே களந்தான். தூரத்தில் ஆறிலொரு பங்கைக் குறைத்துவிட்டார்கள். வென்றவளுக்கு ஒலிவ இலைக் கிரீடமும், தேவிக்குப் பலியிட்ட பசுவில் ஒரு பங்கும் கிடைத்தன. தன் உருவத்தை வரைவித்துக் காணிக்கையாக வைக்கவும் உரிமை இருந்தது. அந்தப் படங்கள் ஒன்றேனும் எஞ்சவில்லை. ஆண் வெற்றியாளரின் பெயர்கள் நீண்ட பட்டியலாக வந்திருக்க, இந்தப் பெண்களின் பட்டியல் என்று ஒன்று நம் கைக்கு வரவில்லை. முதலில் வென்றவளாகப் புராணம் ஒருத்தியைச் சொல்கிறது, அது புராணம்.

ஆறிலொரு பங்கைக் குறைக்கும் புத்தி பழைய கிரேக்கத்தோடு போய்விடவில்லை. 1896 இல் ஏதென்ஸில் மீண்டும் தொடங்கிய ஒலிம்பிக்கில் பெண்களே இல்லை. 1928 இல் 800 மீற்றர் ஓடவிட்டு, பெண்கள் களைத்து விழுகிறார்கள் என்று சொல்லி, 1960 வரை அதனை நிறுத்திவைத்தார்கள். பெண்களுக்கான 1500 மீற்றர் 1972 இல் மியூனிக்கில்தான் வந்தது. முள்ளியவளை வீராங்கனை அப்போது இருபது வயதைக் கடந்துவிட்டார்.

நம் பக்கத்தில் எழுதப்படாத சட்டம் இன்னும் இறுக்கமானது. முள்ளியவளையும் தண்ணீரூற்றும் எல்லை தெரியாமல் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். தண்ணீரூற்றில் வாழும் என் அக்கா 1981 இல் மாவட்ட மட்டத்தில் அஞ்சல் ஓட்டம் ஓடியவர். சுண்ணாம்புக்கோடு போட்ட மைதானத்தில் வெறுங்காலோடு ஓடுவார். இருபது வயதில் கலியாணம். அதற்குப் பின்னர் விளையாட்டுப் போட்டியென்றால் பந்தலுக்குள் கதிரையில் இருந்து பார்ப்பது. மிஞ்சினால் பெற்றோருக்கான நிகழ்ச்சியில் கரண்டியில் தேசிக்காய் வைத்து நாலு எட்டு. (அந்தத் தேசிக்காய் ஓட்டத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர்மீது எனக்குக் கோபம் உண்டு.)

பிலிப்பைன்ஸ் செய்தியை அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கலியாணத்துக்குப் பிறகு நான் ஓடினது ஷெல்லுக்குப் பயந்துதான் தம்பி” என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை, முறைப்பாடாகவும் சொல்லவில்லை. 2008 இன் இறுதியில் அந்தப் பகுதிச் சனம் முழுவதும் கிழக்கே பெயர்ந்தபோது, சான்றிதழ்கள் இருந்த றங்குப்பெட்டியை வீட்டிலேயே விட்டுச் சென்றார்கள். திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. அவர் ஓடினார் என்பதற்கு இப்போது சாட்சி அவரும் நானுந்தான்.

இவ்வாண்டு பொங்கலுக்குப் போனபோது, அந்த அஞ்சல் அணியில் ஓடிய நால்வரின் பெயரையும் சொல்லும்படி கேட்டு நாட்குறிப்பில் எழுதினேன். முதலில் ஓடியவர் கனடாவில் இருக்கிறார். இரண்டாவது அக்கா. இறுதிச் சுற்றில் கோலை வாங்கி ஓடியவர் 2009 இல் மாத்தளனில் இறந்துவிட்டார். மூன்றாவது ஓடிய பெண்ணின் பெயர் அக்காவுக்கு நினைவில் வரவில்லை. நல்ல உயரம், இரட்டைப் பின்னல், ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயிற்பக்கம் வீடு என்பதுவரை சொன்னார். அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன். அக்கா விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.