குர்துபாவில் இரண்டு நாட்கள்

அந்தலுஸைப் பற்றி நம்மவர் எழுதுவன பெரும்பாலும் புலம்பலாகவே முடியும். நாமும் அத்தகைய நூல்களைப் படித்து வளர்ந்தவர்களே. ஆயினும் அம்மண்ணை நேரிற் கண்ட இரண்டு நாட்கள் நமக்கு வேறொரு பாடத்தைப் புகட்டின. அதனை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மாட்ரிடில் பணிபுரியும் நண்பர் ஒருவரின் அழைப்பினால் இப்பயணம் வாய்த்தது. ஒரு சனிக்கிழமை காலை, நால்வராக அத்தோச்சா நிலையத்தில் இரயில் ஏறினோம். 1992இல் திறக்கப்பட்ட அதிவேகப் பாதை அது. லா மாஞ்சா சமவெளியையும் சியர்ரா மொரேனா மலைத்தொடரையும் கடந்து, இரண்டு மணி நேரத்திற்குள் நம்மைக் குர்துபாவிற் கொண்டு சேர்த்தது.

ஸ்பானிய மொழி நாம் அறியாதது. எனினும் அரபி கற்றவனுக்கு அங்கே முழு அந்நியம் இல்லை. உணவு விடுதியில் எண்ணெயை ‘அஸெய்தே’ என்றனர். அது நம் ‘அஸ்ஸைத்’. சர்க்கரை ‘அஸூகர்’, அது ‘அஸ்ஸுக்கர்’. தலையணை ‘அல்மோஆதா’, அது ‘அல்மிகத்தா’. ஊரைத் தழுவி ஓடும் குவாதல்கிவிர் நதியோ ‘அல்வாதீ அல்கபீர்’ என்னும் பெயரின் திரிபேயாகும். ஆட்சி போய் நூற்றாண்டுகள் பல கழிந்தும், சமையலறையிலும் படுக்கையிலும் அச்சொற்கள் குடியிருக்கின்றன.

நண்பகலில் பெரிய பள்ளிவாசலுக்குச் சென்றோம். முதலாம் அப்துர் ரஹ்மான் 785-86இல் தொடங்கி, பின்வந்தோர் இருநூறு ஆண்டுகள் விரித்துக் கட்டிய மாளிகை அது. நாரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றத்தைக் கடந்து உள்ளே நுழைந்தால், 850க்கும் மேற்பட்ட தூண்கள் தோப்பெனத் தோன்றுகின்றன. அவற்றின்மேல் சிவந்த செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி அமைந்த இரட்டை வளைவுகள். மிஹ்ராபைச் சுற்றிப் பொன்னொளி வீசும் கூஃபி எழுத்துக்களைத் தடுப்புக் கம்பிக்கு இப்பால் நின்று படித்தோம். இறைமறை வசனங்களும், அதனை அமைத்த இரண்டாம் ஹகமின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

இன்று அது கத்தோலிக்கப் பேராலயம். முஸ்லிம்கள் தொழுவதற்கு அங்கே அனுமதி இல்லை. நம்முடன் வந்தோரில் இளையவர் கண்கலங்கி, “ஹஜ்ரத், இரண்டு ரக்அத் தொழவும் நமக்கு இங்கே இடமில்லாமற் போயிற்றே!” என்றார். நாம் உடனே விடை கூறவில்லை. மாலையில் பழைய மதிலருகே இப்னு ருஷ்தின் சிலைக்கு முன் அமர்ந்தபோது சொன்னோம்:

“தம்பி, அந்தத் தூண்களுட் பல, அதற்கு முன்னிருந்த ரோமானியர், விசிகோத்தியர் கட்டடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவை குட்டையாக இருந்தமையாலேயே, கூரையை உயர்த்த வளைவின்மேல் வளைவு வைத்தனர். மிஹ்ராபின் பொன்னோவியத்திற்குப் பைசாந்தியக் கிறிஸ்தவப் பேரரசர் கைவினைஞரை அனுப்பினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். 1236இல் ஊர் கைமாறியது. 1523இல் பள்ளியின் நடுப்பகுதியை இடித்துப் பேராலயம் எழுப்ப முற்பட்டபோது, இடிப்பவனுக்கு மரண தண்டனை என்று முழங்கியது எது தெரியுமா? இவ்வூர்க் கிறிஸ்தவர்களின் நகரவை! பேரரசர் ஐந்தாம் சார்லஸின் ஆதரவு குருமார்களுக்கு இருந்ததனால் அவர்கள் தோற்றனர். இனி இந்தப் பெரியாரைப் பாருங்கள். 1126இல் இவ்வூரிற் பிறந்தவர். 1195இல் இவரை நாடுகடத்தித் தத்துவ நூல்களை எரிக்கச் செய்தவர் முஸ்லிம் மன்னரே. அரபியில் அழிந்துபோன இவருடைய உரைகள் சிலவற்றை ஹீப்ருவிலும் இலத்தீனிலும் காத்துத் தந்தவர்கள் யூதரும் கிறிஸ்தவருமே.”

இளையவர் நெடுநேரம் சிந்தித்தார். பின், “அறிவு ஒப்புகிறது ஹஜ்ரத், நெஞ்சு ஒப்பவில்லை” என்றார். அதனை நாம் மறுக்கவில்லை. ஸஜ்தாவின் தழும்பு பட்ட தரையைக் கண்டு நெஞ்சு கனக்காதவன் எவன்? நமக்கும் கனத்தது. விடுதி அறைக்குத் திரும்பி நால்வரும் ஜமாஅத்தாக மஃரிபைத் தொழுதோம். அன்று அவரையே இமாமாக நிற்கச் சொன்னோம். ஓதும்போது அவர் குரல் தழுதழுத்தது.

ஞாயிறன்று ரோமானியர் காலப் பாலத்தின்மீது உலவியபோது, இமாம் குர்துபீ அவர்களின் நினைவு வந்தது. பகைவரின் தாக்குதலில் தந்தையைப் பறிகொடுத்தவர்; 1236இல் ஊரையும் பறிகொடுத்தவர். எகிப்து சென்று மின்யாவிற் குடியமர்ந்து, 1273இல் அங்கேயே மறைந்தார். அந்த அகதி வாழ்விலும் அவர் எழுத்தையும் கற்பித்தலையும் விடவில்லை. அவர் இயற்றிய தஃப்ஸீர் இன்று உலகெங்கும் மத்ரஸாக்களில் ஓதப்படுகிறது. குர்துபாவைக் கண்ணாற் காணாத எண்ணற்ற மாணவர்கள், அவருடைய பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் அவ்வூரின் பெயரையும் உச்சரிக்கின்றனர்.

இழந்த மதில்களுக்காக அழுவது மனித இயல்பு, அதில் குற்றமில்லை. ஆனால் அழுகையை மட்டுமே பிள்ளைகளுக்குச் சொத்தாக வைத்துச் செல்வது தகாது. ஊரை இழந்த இமாம் அவர்கள் கல்வியைக் கைவிடவில்லை. நம் வீட்டு அலமாரிகளில் உறங்கும் நூல்களைப் பிள்ளைகள் திறந்து படிக்கும்படி நாம் செய்வோமாயின், அதுவே அந்தலுஸுக்கு நாம் செலுத்தும் மெய்யான மரியாதையாகும். அதற்கு வல்ல நாயன் அருள் புரிவானாக!