இடப்பக்கத்து ஒலி

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் அமைந்திருக்கிறது எங்கள் சரவணம்பட்டி. சாலையோரம் கண்ணாடிச் சுவர்கள் மின்ன மென்பொருள் நிறுவனங்கள் உயர்ந்து நிற்கும். சற்றே உள்ளே சென்றால் சின்னவேடம்பட்டி, கணபதி எனத் தொடரும் தெருக்களில் லேத்துப் பட்டறைகளும் மோட்டார் பம்புசெட் செய்யும் கூடங்களும் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அத்தகைய கூடம் ஒன்றில் என் தந்தையார் இருபத்திரண்டு ஆண்டுகளாக மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றி வந்தார். ஊரார் அதனை 'வைண்டிங்' வேலை என்பர்.

நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது, என் மாமா தாம் பயன்படுத்திய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றை எனக்குத் தந்தார். எங்கள் வீடு ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்டது. தங்கை பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆகவே, ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் விளையாட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. ஒருநாள் அம்மா அழைத்த அவசரத்தில், கம்பி கருவியில் செருகியிருப்பதை மறந்து எழுந்தேன். கருவி தரையில் விழுந்து, கம்பியோடு சற்றுத் தூரம் இழுபட்டது. அன்றுமுதல் இடப்பக்கத்து ஒலி நின்றுவிட்டது. செருகியை ஒரு கோணத்தில் அழுத்திப் பிடித்தால் ஒலி வரும், விட்டால் போய்விடும்.

நகரத்துப் பழுதுபார்ப்பு நிலையம் ஒன்றில், "உள்ளிருக்கும் பலகையையே மாற்ற வேண்டும், நாலாயிரம் ரூபாய் ஆகும்" என்றனர். வீட்டில் சொல்ல அஞ்சிக் கருவியைப் புத்தகப் பையில் ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் அப்பாவே கண்டுபிடித்துவிட்டார். நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. "கொண்டா கண்ணு, என்னான்னு பாக்கலாம்" என்றார்.

ஒரு சிறு துளையின் வரலாறு

நாம் 'ஜாக்' என்றழைக்கும் இத்துளையின் முன்னோரைத் தேடினால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகங்களுக்குச் செல்ல வேண்டும். அழைப்பவரையும் அழைக்கப்படுபவரையும் இணைக்க, அங்குப் பணியாற்றியோர் கம்பியின் முனையைத் துளையில் செருகினர். அன்றைய 6.35 மில்லிமீட்டர் செருகி, டிரான்சிஸ்டர் வானொலிகளின் காலத்தில் 3.5 மில்லிமீட்டராகச் சிறுத்தது. 1979இல் வெளிவந்த வாக்மேன் அதனை உலகெங்கும் இளையோர் கைகளில் சேர்த்தது. 1989இல் நின்டெண்டோ வெளியிட்ட கேம்பாய் என்னும் கையடக்கக் கருவியின் ஒலிபெருக்கி ஒற்றை ஒலி தந்தது. ஹெட்போனைச் செருகினால்தான் இடம், வலம் எனப் பிரிந்த ஒலி கிட்டியது. அக்கருவியின் உருவாக்கத்தில் முன்னின்ற குன்பே யோகோய், அந்நிறுவனத்தில் முதலில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியில் சேர்ந்தவர் என்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது.

செருகியை உற்று நோக்கினால் கருவளையங்கள் அதனைப் பகுதிகளாகப் பிரிப்பதைக் காணலாம். மைக் இல்லாத எளிய செருகியில், நுனி இடச்செவிக்கும் நடுவளையம் வலச்செவிக்கும் உரியவை. அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவானது. துளையினுள் இருக்கும் மெல்லிய வில்தகடுகள் இவற்றைத் தொட்டு நிற்கும். நம் கை இழுக்கும் இழுப்பையெல்லாம் இறுதியில் தாங்குவன, அத்துளையைப் பலகையோடு பிணைத்திருக்கும் சில ஈயப்பற்றுகளே. கடுகினும் சிறியவை அவை.

பழுதைத் தேடுதல்

அப்பா முதலில் கருவியைப் பிரிக்கவில்லை. மெல்லிய மூங்கில் குச்சியால் துளையிலிருந்த பஞ்சுத் தூசியை எடுத்தார். வேறொரு ஹெட்போனைச் செருகிப் பார்க்கச் சொன்னார். அதிலும் இடப்பக்கம் ஒலிக்கவில்லை. "அப்ப ஹெட்போன் மேல குத்தமில்ல" என்றார். அதன் பின்னரே திருகுகளைக் கழற்றி, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் பலகையைக் காட்டினார். ஒரு பற்றைச் சுற்றி மயிரிழை போன்ற வட்ட விரிசல் ஓடியிருந்தது. மல்டிமீட்டரின் முனைகளை வைத்தபோது ஓசை எழவில்லை. தகட்டைச் சற்றே அழுத்தியதும் எழுந்தது.

விரிசலில் பிளக்ஸ் தடவிச் சால்டரிங் அயர்னை வைத்தார். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த கம்பி 183 பாகை செல்சியசில் உருகும். "ஈயத்தைச் சுடக்கூடாது கண்ணு. சேர வேண்டிய ரெண்டு உலோகத்தையும் சுடோணும். அதுக சூடேறினா ஈயம் தானாப் போய் ஒட்டிக்கும்" என்றார். இரண்டு நொடிகளில் பற்று வெள்ளியாய் மின்னியது.

இடம் மாறாத பழுது

கருவியை மூடிப் பாட்டொன்றை ஒலிக்கவிட்டு, ஹெட்போனைத் தாமே மாட்டிக்கொண்டார் அப்பா. அவர் முகம் சுருங்கியது.

"வலப்பக்கந்தான் கேக்குது. எடப்பக்கம் இன்னும் ஊமையாத்தான் இருக்குது."

நான் வாங்கி மாட்டினேன். இருபுறமும் தெளிவாக ஒலித்தது. "நல்லாக் கேக்குதுங்கப்பா" என்றேன். அவர் மீண்டும் மாட்டினார்; தலையசைத்தார். பிறகு, பட்டறையில் பழுது தேடும் வழக்கப்படி, ஹெட்போனை இடம் வலமாக மாற்றி அணிந்தார். பழுது ஹெட்போனில் இருந்திருந்தால் அதுவும் பக்கம் மாறியிருக்க வேண்டும். அது மாறவில்லை, அவருடைய இடச்செவியிலேயே நின்றது.

சற்றுநேரம் இருவரும் பேசவில்லை. அவரது இருக்கைக்கு இடப்புறம் எஃகுத் தகடுகளை வெட்டியெடுக்கும் பெரிய பிரஸ் இயந்திரம் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். நாள்தோறும் பல்லாயிரம் இடிகள், இருபத்திரண்டு ஆண்டுகள். அலைபேசியை எப்போதும் வலச்செவியில் அவர் வைப்பதும், தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவதும், அழைத்தால் திரும்பாததும் அப்போதுதான் எனக்கு விளங்கின. இரு வாரங்களுக்குமுன் நண்பர்கள் எதிரில், "எத்தனை தடவைதான் சொல்றதுங்க?" என்று அவரிடம் எரிந்து விழுந்ததும் நினைவில் எழுந்தது.

அரசு மருத்துவமனையில் செவித்திறனைச் சோதித்த மருத்துவர் விளக்கினார். உட்செவியின் நத்தையெலும்பினுள், காதொன்றுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. ஒலியதிர்வுகளை நரம்புக்கு உணர்த்துபவை அவையே. பேரொலியால் அவை மடிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. பற்றவைக்க அங்கு ஈயமும் இல்லை. "செவித்துணைக் கருவி பயன்படும். எஞ்சிய செவியைக் காத்துக்கொள்ளுங்கள்" என்றார். பின்னர் என்னை நோக்கி, "நீ எவ்வளவு சத்தம் வைத்துக் கேட்கிறாய்?" என வினவினார். என்னிடம் விடையில்லை.

அவ்வினா நம் அனைவர்க்கும் உரியது. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மிகாமல் கேட்பதே பெரியவர்களுக்கான பாதுகாப்பு எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுவர்க்கு அது 75 டெசிபல். உரத்த ஒலியைக் கேட்கும் பழக்கத்தால் 12 முதல் 35 வயதுக்குட்பட்டோரில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் செவித்திறன் இழக்கும் வாய்ப்புக்கு ஆளாகியுள்ளனர் என்றும் அது எச்சரிக்கிறது. அப்பாவின் செவியைப் பறித்தது வயிற்றுப்பாடு. நாமோ அதனை விளையாட்டாய் இழக்கிறோம்.

இப்போது அப்பா செவியடைப்பான் அணிந்தே பட்டறைக்குச் செல்கிறார். தம் மேசையையும் பிரஸ்ஸிலிருந்து தள்ளிப் போடச் செய்துவிட்டார். அந்தக் கருவி இன்றும் இருபுறமும் ஒலிக்கிறது. அதன் ஒலியளவைப் பாதிக்குமேல் நான் உயர்த்துவதில்லை. மாலையில் திண்ணையில் அமரும்போது அவருடைய வலப்பக்கத்தில் சென்று அமர்கிறேன். ஒருமுறை சொன்னாலே அவருக்குக் கேட்கிறது.