முள்முருங்கை ஊர்

மதுரை மகால் பக்கத்துச் சந்தில் சாயங்காலமானால் முள்முருங்கை வடை போடுவார்கள். அரிசியோடு இலையை அரைத்து, தட்டி எண்ணெயில் விட்டால் பச்சைப் பூரி மாதிரி உப்பி வரும். மேலே இட்லிப்பொடி தூவி, பேப்பரில் வைத்துத் தருவார்கள். அதைக் கையில் வாங்கினால் எனக்கு ஒரு சீனத்து ஊர் ஞாபகம் வந்துவிடும். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

2011 மார்ச் அது. மேலூர்ப் பக்கத்துக் கிரானைட்டை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சியாமென் என்ற துறைமுக நகரத்தில் மார்ச் மாதம் கல் கண்காட்சி நடக்கும். முதலாளி என்னையும் கூட்டிப்போனார். “அங்கிட்டுப் போயி என்னத்தடா திம்ப?” என்று கேட்டு, பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டிக்கொடுத்தாள் அம்மாச்சி. கண்காட்சி முடிந்த மறுநாள் முதலாளி வயிற்றைக் கெடுத்துக்கொண்டு படுத்துவிட்டார். சனியும் ஞாயிறும் எனக்கு வாய்த்தன. பக்கத்தில் சுவான்சோவ் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது, அங்கே நம்ம சாமி தூணில் இருக்கிறது என்று கல் வியாபாரி ஒருவர் சொல்லியிருந்தார். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

போய் நின்றது மேற்குத் தெரு. பெயரே அதுதான். தலையை நிமிர்த்தினால் கையுவான் புத்தர் கோயிலின் இரண்டு கல் கோபுரங்கள். 13ஆம் நூற்றாண்டு வேலை. கிழக்குக் கோபுரம் 48 மீட்டர், மேற்குக் கோபுரம் அதைவிடக் கொஞ்சம் குட்டை. மதுரை மாசி வீதிகளில் சுற்றும்போது எந்தச் சந்தில் தொலைந்தாலும் கோபுரத்தைப் பார்த்துத் திசை பிடிப்போமே, அங்கேயும் இரண்டு நாளும் அப்படித்தான் நடந்தேன்.

காலைப் பசிக்கு ஒரு கடை வாசலில் நின்றேன். பெரிய அண்டாவில் நூல் மாதிரி சேமியா கரைந்து கஞ்சியாகக் கொதிக்கிறது. மியான்சியன் ஹூ என்றார்கள். பக்கத்துத் தட்டுகளில் சிப்பி, குடல், இன்னும் பெயர் தெரியாதவை. விரலால் காட்டினால் கஞ்சியில் போட்டுக்கொடுப்பார்கள். நான் எதையும் காட்டவில்லை. வெறும் கஞ்சியும், தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த ஒரு முழநீளப் பலகாரமும். மேலே மிளகுத்தூள் தூவினாள் கடைக்காரம்மா. அந்த மிளகு வாசனையில் எங்கள் ஊர் பரவை வீட்டு அடுப்படி வந்து நின்றது. சளி பிடித்தால் அம்மாச்சி வேலியில் முள்முருங்கை இலை பறித்து, மிளகு சேர்த்து அடை தட்டுவாள். அந்தக் கஞ்சிக்குள் என்ன குழம்பு இருந்தது என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் இரண்டு தூண்கள். ஒன்றைச் சுற்றி வரும்போதே நரசிம்மர். அப்புறம் உரலை இழுத்து மரங்களைச் சாய்க்கிற கண்ணன். மொத்தம் 24 சிற்பம். எங்கேயோ இருந்த சிவன் கோயில் அழிந்து, அதன் கற்களைப் பின்னால் இங்கே திருப்பணிக்கு எடுத்திருக்கிறார்கள். அந்த ஊரிலேயே தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281, சித்திரை மாதம். சம்பந்தப் பெருமாள் என்பவர், சீனத்தை ஆண்ட குப்ளாய் கானின் உடல்நலத்துக்காகச் சிவனை எழுந்தருளப் பண்ணியதைச் சொல்கிறது. மதுரையில் அப்போது மாறவர்மன் குலசேகர பாண்டியன். கல் கணக்கு எழுதியே பிழைத்தவன் நான். சதுர அடிக்கு இவ்வளவு டாலர் என்றுதான் கல்லைப் பார்த்துப் பழக்கம். அந்தத் தூணுக்கு மனசில் விலை ஓடவில்லை.

  

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியதும் ஒரு கிண்ணம் குளிர்ச்சியாக வாங்கினேன். கடல்பாசியைக் காய்ச்சி உறையவைத்துச் சீவி, பழத்துண்டும் சர்க்கரைப்பாகும் ஊற்றியது. விளக்குத்தூண் ஜிகர்தண்டாவில் நாக்குக்கு அகப்படாமல் வழுக்குமே, அதே வழுக்கல். பாலும் நன்னாரியும்தான் இல்லை. நம்மூர் மளிகைக்கடையில் அந்தப் பாசிக்குச் சைனா கிராஸ் என்றுதானே பெயர்.

குடித்துக்கொண்டே எதிரில் பார்த்தேன். இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கிறது முள்முருங்கை. கிட்டே போய் முள்ளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன். கடைப்பையன் போனில் எழுத்தைக் காட்டி, “சிடொங்” என்றான். முதல் எழுத்துக்கு முள் என்று அர்த்தமாம். 10ஆம் நூற்றாண்டில் லியூ சொங்சியாவ் என்ற ஆட்சியாளர் ஊரை விரித்துக் கட்டியபோது மதிலைச் சுற்றி இந்த மரத்தை நட்டாராம். ஊருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அரபு வணிகர்கள் வாயில் அது ஜைதூன் ஆனது. அரபியில் ஜைதூன் என்றால் ஆலிவ். மதுரைச் சுல்தான் காலத்தில் இங்கே வந்து கொள்ளைநோயைப் பார்த்துப்போன இபின் பதூதா, ஜைதூனுக்கும் போனதாக எழுதியிருக்கிறார். அங்கே ஆலிவ் மரமே இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். இருந்த மரம் எங்கள் வேலியில் நின்றதுதான். அம்மா கல்யாணத்தில் பந்தலுக்குக் கிளை ஒடித்ததும் அதில்தான்.

ஊருக்கு வந்து அம்மாச்சியிடம் சொன்னேன். சீனாக்காரன் ஊருக்கு நம்ம மரத்துப் பேரு என்றேன். “அந்த எலையில வடை சுடுறானா?” என்றாள். தெரியலை என்றேன். வேலியைப் பார்த்தாள். பங்குனியில் எங்கள் மரமும் மொட்டையாகப் பூத்து நின்றது. “எலை வரட்டும், சுட்டுத் தாரேன்.”

அடுத்த வருஷம் குவாரிகள் மூடின, வேலை போயிற்று. அம்மாச்சி போன பிறகு வேலியை எடுத்துவிட்டுக் காம்பவுண்டுச் சுவர் கட்டினோம். அதனால்தான் மகால் சந்து.

சுவான்சோவை 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். போகிறவர்கள் மார்ச்சில் போங்கள், பூவைப் பார்க்கலாம். வடைக்கு மதுரைக்குத்தான் வரவேண்டும். அதற்குப் பூ முடிந்து இலை துளிர்க்கட்டும்.