மலையடிவாரத்து ஒற்றையடிப் பாதைகள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு விவாதம் தொடங்கிவிடும். கொடைக்கானலா, உதகமண்டலமா? இரண்டுக்கும் போய், கூட்டத்தில் இடிபட்டு, ஏரியில் ஒரு படகு சுற்று சுற்றி, வறுத்த சோளம் தின்று திரும்பியிருப்பீர்கள். மலையைப் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். மலையில் நடந்தோம் என்று சொல்ல முடியுமா? காரை விட்டு இறங்கி, காலால் நடந்து, ஒரு காட்டை அறிந்துகொள்ள ஆசையிருந்தால் என்னுடன் தேவதானத்துக்கு வாருங்கள்.

தேவதானமா, அது எங்கே இருக்கிறது என்கிறீர்களா? சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிகிற நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரும் அதையடுத்து ராஜபாளையமும் வந்துவிடும். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில் ஏறினால், சேத்தூரைத் தாண்டியதும் தேவதானம். பஸ்ஸில் வலது பக்கத்து ஜன்னலோரமாக இடம் பிடியுங்கள். வழி நெடுகிலும் மேற்குத் தொடர்ச்சி மலை நீலச் சுவராகக் கூடவே வரும். பஸ் எவ்வளவு வேகமாகப் போனாலும் அது பின்தங்குவதில்லை.

ஊருக்குள் நுழைந்தால் முதலில் கோவிலுக்குத்தான் போகவேண்டும். சுவாமியின் பெயரைக் கேளுங்கள்: நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி! பாண்டியனைக் கொல்ல எண்ணிய சோழன் விஷம் தோய்த்த ஆடையைப் பரிசாக அனுப்பினானாம். அந்த ஆபத்திலிருந்து பாண்டியனைக் காத்ததால் இந்தப் பெயர். புடவைப் பரிசு வந்தால் நாமும் ஒரு தடவை உதறிப் பார்த்துக்கொள்வது நல்லது! தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் இது ஆகாயத் தலம். சங்கரன்கோவில் நிலம், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று. ஒரு வட்டாரத்துக்குள் ஐந்து பூதங்களையும் தரிசித்துவிடலாம். ஆனால் நாம் வந்த காரியம் மலை.

ஊருக்கு மேற்கே போகப் போக வயலும் தென்னையும் மாந்தோப்பும் பின்வாங்கி, உடையும் வேலமும் கள்ளியும் முன்னே வரும். பெரிய மரம் ஒன்றும் இல்லாத இந்தப் புதர்க்காட்டைப் பார்த்துப் பலர், 'இதுவா காடு?' என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அவசரப்படாதீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். தென்மேற்குப் பருவக் காற்று சுமந்து வரும் மழையில் பெரும் பகுதியை மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கத்து அடிவாரம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் வாழவேண்டும். சொற்பத் தண்ணீரில் குடும்பம் நடத்தத் தெரிந்த செடிகளே இங்கே நிற்கின்றன. இலந்தையும் சூரையும் இலையைச் சிறிதாக்கிக்கொண்டு முள்ளை வளர்த்திருக்கின்றன. கள்ளி இலையே வேண்டாமென்று தண்டில் தண்ணீரைச் சேமிக்கிறது. மாதக் கடைசியில் நம் வீட்டுச் சமையலறை எப்படி நடக்குமோ அப்படி நடக்கிறது இந்தக் காடு. ஒரு நல்ல மழைக்குப் பிறகு வந்து பாருங்கள். ஆவாரை பூத்து அடிவாரமே மஞ்சள் குளித்திருக்கும்.

இடையிடையே மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்த புதர் ஒன்று உங்களை மயக்கும். உண்ணிச் செடி. அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதியிலிருந்து, தோட்டத்துக்கு அழகு என்று வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்டது. தோட்டத்தோடு நின்றதா? பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் தூவ, இந்தியக் காடுகள் பலவற்றில் புகுந்து உள்ளூர்ப் புல்லையும் செடியையும் நெருக்கித் தள்ளிவிட்டது. மானுக்கும் மாட்டுக்கும் அது தீனியும் ஆகாது. விருந்தாளியாக வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட கதை!

இந்தப் பாதை சாஸ்தா கோவிலுக்குப் போகிறது. மலையிலிருந்து இறங்கும் ஆறு, அதன் குறுக்கே ஓர் அணை, மேலே காட்டுக்குள் பாறைகளுக்கிடையே சாஸ்தாவின் சன்னிதி. ஆற்றோரம் வந்ததுமே காடு வேறு உடை உடுத்திக்கொள்கிறது. நீர்மருதும் நாவலும் மாவும் வானை மறைத்து நிற்க, சற்றுமுன் காய்ந்த முள்ளில் நடந்தோமே என்று சந்தேகம் வந்துவிடும். இன்னும் மேலே பசுமை மாறாச் சோலை. அதற்கும் மேலே பாறையும் புல்வெளியும். அங்கே வரையாடு மேய்கிறது. தமிழ்நாட்டின் அரசு விலங்கான இது, 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநிலம் முழுவதற்கும் 1,031 தான் இருந்தது. அங்கே ஏற நமக்கு அனுமதியும் கிடையாது, கால்களும் போதாது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஒரு மலைப்பாதை உண்டு. அய்யனார் கோவில் பாதை. வழியில் 'ஆறாவது மைல்' என்றே பெயர் பெற்ற நீர்த்தேக்கம். மைல் போய்க் கிலோமீட்டர் வந்து எத்தனையோ வருஷமாயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. அந்த ஊர்க் குழாய்களில் வரும் குடிதண்ணீருக்கு இந்தக் காடும் ஒரு தாய்வீடு. வழியெல்லாம் மாந்தோப்புகள். சப்பட்டை மாம்பழம் தெரியுமல்லவா? அது நமக்குத்தான் பிடிக்கும் என்று எண்ணவேண்டாம். யானைகளுக்கும் பிடிக்கும். பழ நாளில் இரவோடு இரவாக இறங்கி வந்துவிடுகின்றன. தோப்புக்காரர் விடிந்து வந்து பார்த்தால் மரத்தில் பழமில்லை, சில சமயம் மரமே இல்லை. அவர் வயிற்றெரிச்சலும் நியாயம். யானையின் பசியும் நியாயம். இதைத் தீர்த்துவைக்கும் பஞ்சாயத்து இன்னும் கூடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. பெயரே மணக்கிறது, இல்லையா? ஆண்டாள் பிறந்த ஊருக்கு ஏற்ற அடிவாரம். இங்கிருந்து காட்டழகர் கோவிலுக்குப் பாதை போகிறது. ஆனால் நான் உங்களை இங்கே அழைத்து வந்தது ஓர் அணிலைக் காட்டுவதற்காக.

சிரிக்காதீர்கள். இது நம் முற்றத்து அணில் இல்லை. ராமர் தடவிய மூன்று கோடும் இதற்குக் கிடையாது. மூக்கிலிருந்து வால் நுனிவரை இரண்டரை அடி வரும். மேனியெல்லாம் சாம்பல் தூவினாற்போல் இருப்பதால் சாம்பல் நிற அணில். உலகத்தில் இது வாழ்வது தென்னிந்தியாவில் சில இடங்களிலும் இலங்கையிலும்தான். இதைக் காப்பதற்கென்றே 1988-ல் இந்தக் காடு சரணாலயமாயிற்று. ஓர் அணிலின் பெயரால் பெரிய மலைத்தொடரையே காத்தது நம் நாட்டில் நடந்திருக்கிறது என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

இந்த அணில் தரையில் இறங்குவது அபூர்வம். கிளைக்குக் கிளை தாவித்தான் அதன் போக்குவரத்து. கூடு கட்டுவதிலும் கெட்டிக்காரி. சுற்றிலும் மற்ற மரங்களின் கிளைகள் வந்து தொடுகிற மரமாகப் பார்த்துத்தான் சுள்ளியும் இலையும் சேர்த்துக் கட்டும். ஆபத்து வந்தால் எந்தப் பக்கமும் தப்பி ஓடலாம். நாம் வாடகை வீட்டுக்குப் பின்வாசல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லையா? இதில்தான் சங்கடமும் இருக்கிறது. நடுவே நாலு மரத்தை வெட்டிவிட்டால் இந்தப் பக்கத்து அணிலுக்கு அந்தப் பக்கம் வெளிநாடு! காட்டை முழுவதும் அழிக்க வேண்டியதில்லை, இடைவெளி விழுந்தாலே போதும். ஆற்றோரத்து மாமரம் புளியமரங்களின் கீழே பேசாமல் நின்றால், மேலேயிருந்து கொறித்துப் போட்ட தோல் உங்கள் தலையில் விழும். அதுதான் தரிசனம் கிடைக்கப் போவதற்கு அறிகுறி.

2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயத்தையும் வடக்கேயுள்ள மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாவது, பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேற்கே கேரளத்தின் பெரியார் காப்பகத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. மதுரைக்காரர்கள் கவனிக்கவேண்டிய விஷயம், உங்கள் வைகை பிறக்கும் வருசநாட்டு மலைகளும் இதற்குள்தான். அழகர் ஆற்றில் இறங்குவதற்குத் தண்ணீர் வேண்டுமென்றால் இந்தச் சோலைகள் மழையைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடவேண்டும்.

சதுரகிரியைச் சொல்லாமல் போனால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். வத்திராயிருப்பைத் தாண்டித் தாணிப்பாறையில் ஏறத் தொடங்கினால் வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பசாமி என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பெயர். மூன்று, நான்கு மணி நேர ஏற்றம். சுந்தர மகாலிங்கமும் சந்தன மகாலிங்கமும் மேலே காத்திருக்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் மலையே நகருகிறதோ என்று தோன்றும். பாட்டிமார் வெறுங்காலோடு ஏறிப்போவதைப் பார்த்து இளவட்டங்கள் மூச்சுவாங்கி உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் ஓடைகளைத் தாண்டித் தாண்டிப் போகும் பாதை இது. 2015 மே மாதம் அமாவாசைக் கூட்டம் மலையில் இருந்தபோது மேலே கொட்டிய மழை ஓடைகளில் திடீர் வெள்ளமாக இறங்கியது. உயிர்கள் போயின. ஏராளமான பேர் மலையிலேயே சிக்கிக்கொண்டார்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் காயும். மேலே எங்கேயோ பெய்த மழை பத்து நிமிஷத்தில் பாறையை உருட்டிக்கொண்டு வரும். ஓடைத் தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமானால் குளியலாவது, புகைப்படமாவது? குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள்.

வெள்ளம் ஒரு பக்கம், நெருப்பு ஒரு பக்கம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். அந்தக் குழுக்களில் இளம் பெண்கள் பலர் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, 'பெண்களுக்கு மலை எதற்கு?' என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். நெருப்பு ஆண் பெண் பார்த்தா சுடுகிறது? கோடையில் புல் காய்ந்து கிடக்கும் மலையில் யாரும் போகக்கூடாது என்பதுதான் அதில் கற்கவேண்டியது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு, முன்பதிவு செய்து நடக்க ஏற்பாடு செய்தது. இந்த விருதுநகர் மாவட்டமும் அந்தப் பட்டியலில் உண்டு. தீப்பிடிக்கும் பருவத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் இதே விஷயம் தலைகீழாக நடந்தது. அங்கே புதர்வெளிகளும் காடுகளும் பிரபுக்களின் வேட்டை நிலங்களாக அடைபட்டுக் கிடந்தன. 1932-ல் ஆலைத் தொழிலாளிகள் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்து காட்டினார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். 1949-ல் சட்டம் வந்தது. 1951-ல் முதல் தேசியப் பூங்கா அமைந்தது அதே வட்டாரத்தில்தான். ஆனால் அங்கே புலியும் யானையும் கிடையாது. நம் காட்டில் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுக்கொண்டு நுழைவதுதான் மரியாதை.

வீட்டுக்காரர்கள் என்றதும் பளியர்களைச் சொல்லவேண்டும். செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில், தாணிப்பாறை அடிவாரங்களில் வாழும் பழங்குடி மக்கள். தேனும் நெல்லியும் கிழங்கும் சேர்ப்பவர்கள். எந்தப் பாறை வழுக்கும், யானை எந்த வழியில் தண்ணீருக்கு வரும் என்பது அவர்களுக்குக் குழந்தைப் பருவத்துப் பாடம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களைப் போன்றவர்களின் உரிமையை ஒப்புக்கொண்டது. அவர்களில் ஒருவர் வழிகாட்டியாகக் கிடைத்தால், 'நட' என்றால் நடங்கள். 'நில்' என்றால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். வாதம் செய்வதை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம்.

சரி, மூட்டை கட்டுங்கள். பட்டுப் புடவை வேண்டாம். முள் உங்களை விடாது. நூல் சுடிதாரோ, இழுத்துச் செருகிய பழம்புடவையோ போதும். செருப்புக்குப் பதில் கெட்டியான காலணி. புளியோதரையை வாழையிலையில் கட்டி எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் சோதனைச் சாவடியிலேயே பறிபோகும். குரங்குகளுக்கு உணவு போடாதீர்கள். அவை ஒரு தடவை ருசி கண்டால் அடுத்து வருகிறவர் கைப்பையைப் பிடுங்கும். போகும் நாளும் நேரமும் அவ்வப்போது மாறுவதால் முந்தின நாளே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, மார்கழியும் தையும் நடப்பதற்கு ஏற்ற மாதங்கள். அதிகாலையில் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும்.

இறங்கி வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையைத் தொட்டால், 11 நிலைக் கோபுரம் தூரத்திலேயே தெரியும். தேரடிப் பக்கம் போனால் பால்கோவாக் கடைகள் வரிசையாக இருக்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். காலையில் வாங்கி மலைக்குச் சுமந்து போகாதீர்கள். கரடிக்கும் மூக்கு உண்டு. சாயங்காலம் இறங்கி வந்த பிறகு, ஊருக்கு ஒரு கிலோ கட்டச் சொல்லிவிட்டு, கால் வலிக்கு ஒரு கால் கிலோவைக் கடை வாசலிலேயே தீர்த்துவிடுங்கள்.