கோக் காசுல படிக்கலாம்!

அட்லாண்டாவில் எமரி யுனிவர்சிட்டிக்குப் போகணுமா? மெட்ரோ ரயில் வாசல் வரைக்கும் வராது பாஸ், பஸ்தான்! இறங்கினா மார்பிள் சுவர், சிவப்பு ஓட்டுக் கூரைன்னு பழைய பில்டிங்குகள், நடுவுல பெரிய புல்வெளி. அத்தனைக்கும் பின்னாடி இருக்கிறது... கோகோ கோலா!

1836-ல் ஒரு சின்ன ஊரில் தொடங்கின காலேஜ் இது. 1914-ல் கோக் அதிபர் ஆசா கேண்ட்லர் 10 லட்சம் டாலர் தர்றதா எழுதிக் கொடுக்க, மறு வருஷமே அட்லாண்டாவில் யுனிவர்சிட்டி ஆச்சு. 1979-ல் கோக்கின் இன்னொரு பெரிய தலை ராபர்ட் உட்ரஃப், தம்பி ஜார்ஜோட சேர்ந்து கொடுத்தது 10.5 கோடி டாலர்!

அவர் பேர்ல இருக்கிற உட்ரஃப் ஸ்காலர்ஷிப் கிடைச்சா ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாமே ஃப்ரீ. வெளிநாட்டுப் பசங்களும் போட்டி போடலாம். ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் எட்டுலயும் மார்க்குக்காகப் பணம் கிடையாது. வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. 'ஏழை'ன்னு சொல்லவும் முடியாம, ஃபீஸ் கட்டவும் முடியாம நடுவுல மாட்டுற வீடுகளுக்கு எமரி மாதிரி இடங்கள்தான் கதவு.

ஆனா கதவு ரொம்பக் குறுகல். நல்ல ஸ்கூல், நல்ல கோச்சிங் கிடைச்சவங்கதான் ஈஸியா நுழையறாங்க. வசதி இல்லாத திறமைசாலிக்குத் தகவலே லேட்டாத்தான் போகுது. அதனால, ப்ளஸ் டூ படிக்கிற தம்பி, தங்கச்சி காதுல இப்பவே போடுங்க: ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் நவம்பர் நடுவிலேயே க்ளோஸ்!

உள்ளே நுழைஞ்சா, ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு வெல்கம் ட்ரிங்க் என்ன தெரியுமா? கோக்கேதான்!